சாஸர் என்னும் குடிப்பெயர்

ஒருவருக்குப் பெற்றோர் விரும்பி இட்டு வழங்கும் பெயர் ஒன்று; குடியைப் பற்றி வழிவழியாக வருவது மற்றொன்று. ஆங்கில நாட்டார் இவ்விரண்டையும் ஒருங்கே பூண்டு வழங்குதலை நாம் அறிவோம். பின்னதாகிய குடிப்பெயர், பிறந்தவர் விரும்பினும் விரும்பாவிடினும், தந்தையின் நிலத்தோடும் கடனோடும் உடன்வந்து சேர்வது. அத்தகைய பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுக்குப் பெருமையும் சிறுமையும் எங்ஙனம் வந்தன என்று ஆராயப்புகுவார்க்கு, ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் ஜெப்ரி சாஸரின் சரித்திரத்தினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறொன்று கிடைத்தல் அரிது. அப்புலவர் இயற்றிய கான்டர்பரிக் கதைகளின் முகவுரையைப் பாடமாகப் பயின்றவர் நம்முட் பலர். ஆயினும், அவர் பெயரின் பொருள் யாது, அஃது அவர் குடிக்கு எப்படி வந்தது, பின்னர் அக்குடியில் என்னாயிற்று என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நார்மானியர் 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர், அந்நாட்டு மக்களுட் பெரும்பாலார்க்குப் பெயர் ஒன்றே. வென்றுவந்த பிரபுக்களுட் சிலர் தத்தம் நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்து வழங்கினர். நாளடைவில் வில்லியம், ஜான், ராபர்ட் முதலிய ஒருசில பெயர்களே நாடெங்கும் மலிந்தன. ஓர் ஊரில் ஜான் என்பார் பதின்மர் இருப்பின், இன்ன ஜான் எனப் பிரித்துணர்த்த அடைமொழி ஒன்று வேண்டியதாயிற்று. அவ்வடைமொழி நால்வகையாக அமைந்தது. பிறந்த ஊரைக் கொண்டு அமைவது ஒன்று. தந்தையின் பெயரைக் கொண்டு ஜான்ஸன் என்றாற்போல அமைவது ஒன்று. கொல்லரை ஸ்மித் என்றும் தையற்காரரை டெய்லர் என்றும் வழங்குதல்போலத் தொழிலைக் கொண்டு அமைவது ஒன்று. நிறம், உயரம், குணம் முதலியன பற்றி அயலார் இட்டழைப்பது மற்றொன்று. முதற்கண் இவ்வடைமொழிகள் ஒருவரோடு தோன்றி அவரோடே மறைந்தன. ஊர் மாறினும் தொழில் மாறினும் தாமும் மாறின. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நிலப் பத்திரங்களும் வரிக் கணக்குகளும் நீதிமன்றப் பதிவுகளும் பெருகப் பெருக, மாறிக்கொண்டே இருக்கும் பெயர் எழுத்தர்க்கும் உரிமை கோருவார்க்கும் இடர் விளைத்தது. ஆதலின் தந்தையின் அடைமொழியே மைந்தனுக்கும் உரியதாய் உறைந்துபோயிற்று. அதன்பின், திரிகையைத் தொட்டறியாதவரும் மில்லர் எனப்பட்டார். உலைக்களத்தின் பக்கம் செல்லாதவரும் ஸ்மித் எனப்பட்டார்.

இம்மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே சாஸரின் முன்னோர் வாழ்ந்தனர். அவர்கள் இங்கிலாந்தின் கீழ்க்கரையை அடுத்த ஸபோக் கோட்டத்தில், இப்ஸ்விச் என்னும் துறைமுகப் பட்டினத்தினர். புலவரின் பாட்டனாருக்குத் தந்தையார், தாம் வந்த ஊரை நோக்கி ஆண்ட்ரூ டி டின்னிங்டன் என்றும், தாம் நடத்திய மதுச்சாலையை நோக்கி ஆண்ட்ரூ டாவர்னர் என்றும் குறிக்கப்படுகின்றார். அவர் மைந்தர் ராபர்ட் என்பார் டின்னிங்டன் எனவும், மாலின் எனவும், சாஸர் எனவும் வெவ்வேறு பதிவுகளில் வெவ்வேறு பெயர்களோடு காணப்படுகின்றார். ஒரே குடி இரண்டு தலைமுறைக்குள் நான்கு பெயர் பூண்டது எனின், அக்காலத்துக் குடிப்பெயர் எத்துணை நிலையற்றது என்பது விளங்கும்.

சாஸர் என்னும் சொல் ஆங்கிலமன்று. நார்மானியர் கொணர்ந்த பிரெஞ்சு மொழியினது. இலத்தீனில் பாதரட்சையைக் குறிக்கும் கால்கெயுஸ் என்னும் சொல்லின் வழிவந்த அது, பாதரட்சையும் காலுறையும் செய்வோரை உணர்த்துவது. முத்திரையிடுவதற்கு அரக்குக் காய்ச்சுவோர் என்று பொருள் கூறினாரும் முன்னர் உளர். அக்கொள்கை பின்னர்க் கைவிடப்பட்டது. வியப்பு யாதெனின், இக்குடியில் பாதரட்சை செய்தவராக அறியப்பட்டவர் எவரும் இலர் என்பதே. இவர்கள் மது வாணிகத்தால் வாழ்ந்தவர்கள். அங்ஙனமாக, இப்பெயர் இவர்களுக்கு எவ்வாறு வந்தது? லண்டனில் தோல்வினைஞர் வாழ்ந்த கார்டுவெய்னர் தெருப் பகுதியில் குடியிருந்தமையால் வந்தது என்பர் ஒரு சாரார். ஜான் சாஸர் என்னும் துணி வணிகரிடம் ராபர்ட் பணிபுரிந்தார் என்றும், 1302ஆம் ஆண்டில் ஒரு கைகலப்பில் மாண்ட அவ்வணிகர் விட்டுச்சென்ற கொடையைப் பெற்ற நன்றியால் அவர் பெயரையே தாமும் மேற்கொண்டார் என்றும் கருதுவர் மற்றொரு சாரார். எங்ஙனமாயினும், பிறர் தொழிலைக் குறிக்கும் பெயரே இக்குடிக்கு உரிய பெயராயிற்று.

ராபர்ட்டின் மைந்தர் ஜான் சாஸர், புலவரின் தந்தையார். அவர் பதினான்கு வயது நிரம்பாத சிறுவராய் இருந்தபோது, 1324ஆம் ஆண்டில், அவருடைய அத்தை ஒருத்தி ஆட்களோடு வந்து அவரை வலிதிற் கவர்ந்து சென்றாள். தன் மகளை அவருக்கு மணமுடித்து, இப்ஸ்விச்சிலிருந்த குடும்பச் சொத்தைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்வதே அவள் கருத்து. அக்கருத்து நிறைவேறவில்லை. அவள் சிறைப்பட்டதோடு 250 பவுன் தண்டம் இறுக்கவும் நேர்ந்தது. அஃது அந்நாளில் மிகப் பெருந்தொகை. விடுபட்ட சிறுவர் வளர்ந்து லண்டனில் தேம்ஸ் தெருவில் மது வணிகராய்ச் சிறந்தார். அரசனுக்கு மது சேகரிக்கும் அதிகாரிக்குத் துணைவராய்ச் சௌத்தாம்டன் துறைமுகத்திலும் பணியாற்றினார். 1348, 1349ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோய் லண்டன் மாந்தரை வாரிக்கொண்டு சென்றபோது, அவர் மனைவியார் ஆக்னஸுக்கு இறந்த உறவினர் சொத்து வந்தடைந்தது. அதில் இருபத்துநான்கு கடைகள் அடங்கியிருந்தன என்பர்.

இவர்கட்கு மைந்தராக, 1340ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளுள் ஜெப்ரி பிறந்தார். பதிவுகளில் அவர் முதன்முதல் தோன்றும் இடம் நகைச்சுவை உடையது. அல்ஸ்டர் சீமாட்டியார் எலிஸபெத்தின் இல்லத்தில் பணிச்சிறுவராயிருந்த அவருக்கு, 1357ஆம் ஆண்டில் ஒரு குறுஞ்சட்டையும், செந்நிறமும் கருநிறமும் உடைய காலுறையும், ஒரு ஜோடு பாதரட்சையும் வாங்கப்பட்டன. அக்கணக்கேடு பிற்காலத்தில் மற்றொரு நூலின் கட்டடத்துக்குப் பயன்பட்டுக் கிழிந்த ஏடுகளாய்க் கிடைத்தது. பாதரட்சையும் காலுறையும் செய்வோர் என்னும் பெயர் பூண்டவர், பாதரட்சையும் காலுறையும் பெற்றவராகவே சரித்திரத்தினுள் அடியெடுத்து வைக்கின்றார்!

1359ஆம் ஆண்டில் அவர் மூன்றாம் எட்வர்டு மன்னனின் சேனையோடு பிரான்ஸுக்குச் சென்று, ரீம்ஸ் நகரின் அருகே பகைவர் கையிற் சிறைப்பட்டார். அடுத்த ஆண்டில் அவரை மீட்பதற்கு மன்னன் 16 பவுன் உதவினான். பின்னர் அரண்மனை ஊழியராகி, அரசியின் பணிப்பெண்ணாயிருந்த பிலிப்பா என்பாரை மணந்தார். பிலிப்பாவின் தங்கையார் எனக் கருதப்படும் காதரின், பிற்காலத்தில் லாங்காஸ்டர் கோமகன் ஜானுக்கு மூன்றாம் மனைவியானார். அரசாங்கத் தூதராகச் சாஸர் 1372ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலிக்குச் சென்று ஜெனோவா, பிளாரன்ஸ் நகரங்களைக் கண்டார். 1378ஆம் ஆண்டில் மிலான் நகர்க்கும் சென்றார்.

1374ஆம் ஆண்டு அவர் வாழ்வில் நல்லாண்டு. நாடோறும் ஒரு குடம் மது மன்னனாற் கொடையாக அளிக்கப்பட்டது. நகர மதிலின் கீழ்வாயிலாகிய ஆல்ட்கேட்டின் மேலிருந்த வீடு ஆயுட்காலம் வரை வாடகையின்றிக் கிடைத்தது. லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் முதலியவற்றின் சுங்கக் கணக்கை மேற்பார்க்கும் பதவியும் வாய்த்தது. கணக்கைத் தம் கைப்படவே எழுதல்வேண்டும் என்பது நிபந்தனை. பகலெல்லாம் சுங்கக் கணக்கு, இரவெல்லாம் நூல் என்றவாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

1381ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தலைவரியின் கொடுமையைப் பொறாத குடியானவர் திரண்டு லண்டனுட் புகுந்தனர். எஸ்ஸெக்ஸிலிருந்து வந்த கூட்டம் நுழைந்தது ஆல்ட்கேட்டின் வழியாகவே. அக்கிளர்ச்சியின் தலைவன் வாட் டைலர். டைலர் என்பது கூரைக்கு ஓடு வேய்வோரைக் குறிக்கும் தொழிற்பெயர்; பெருங்குடிப்பிறப்புச் சிறிதும் இல்லாத அப்பெயர் அன்று மன்னனையும் நடுங்கச் செய்தது. சாஸர் பிறந்து வளர்ந்த வின்ட்ரிப் பகுதியிலோ பிளெமிஷ் நாட்டு வேற்றாளர் பலர் கொலையுண்டனர். கலகம் அடங்கிய சில நாட்களுள், ஜூன் 19ஆம் நாளில், சாஸர் தேம்ஸ் தெருவிலிருந்த தந்தையார் வீட்டின் உரிமையைப் பிறர்க்கு விடுத்துப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அப்பத்திரத்தில் அவர் தம்மைக் குறித்துள்ள முறை கருதத்தக்கது. தூதர் என்றோ, சுங்க அதிகாரி என்றோ, புலவர் என்றோ அவர் தம்மைக் கூறிக்கொள்ளவில்லை. லண்டன் மது வணிகர் ஜான் சாஸரின் மைந்தர் என்றே குறித்தார். வீடு கைவிட்டுப் போயிற்று. பெயர் மட்டும் எஞ்சிற்று.

குடிப்பெயர் மதிப்பை மட்டுமன்றி மாசையும் சுமப்பது. 1380ஆம் ஆண்டில் ஸெஸிலி ஷாம்பேன் என்னும் பெண், ராப்டஸ் என்பது பற்றிச் சாஸர்மேல் தனக்குள்ள வழக்குரிமை யாவற்றையும் விடுத்து ஒரு பத்திரம் எழுதித் தந்தாள். அவ்விலத்தீன் சொல் கவர்ந்துசெல்லுதலையும் குறிக்கும், கற்பழித்தலையும் குறிக்கும். 1873ஆம் ஆண்டில் அப்பத்திரம் வெளிப்பட்டது முதல், புலவரின் பெயர்மேல் ஒரு நிழல் படிந்தது. அவரைப் போற்றுவோர் பலர் அதனை எளிதாகத் தள்ளிவிட முயன்றனர். வேறு பலர் அங்ஙனம் தள்ளுதல் நீதியன்று என்றனர். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், 2022ஆம் ஆண்டில், அவ்வழக்கைப் பற்றிய வேறு பதிவுகள் வெளியிடப்பட்டன. அவற்றில் ஸெஸிலியும் சாஸரும் ஒரே பக்கத்தில் பிரதிவாதிகளாய் நிற்கின்றனர். தன் ஊழியத்தை விட்டு ஸெஸிலி சாஸரிடம் பணிக்குச் சென்றாள் என்று தாமஸ் ஸ்டான்டன் என்பவன் தொழிலாளர் சட்டத்தின்படி தொடுத்த வழக்கு அது. இதனால் குற்றச்சாட்டின் அடிப்படையே மாறிற்று என்பர் பலர். ஐயம் முற்றும் அகலவில்லை என்பாரும் உளர். எத்திறத்தவராயினும் ஒன்றை ஒப்புவர்: புகழ் பெற்றவர் என்பதற்காக ஒருவர்மேல் எழும் வினாவை மறைத்தலும் தகாது, வினா எழுந்தமையாலேயே குற்றம் துணிதலும் தகாது, பதிவுகளைப் பொறுமையோடு தேடுதலே தக்கது.

பெயரும் அடையாளமும் பற்றிய மற்றொரு வழக்கிலும் சாஸர் தோன்றுகின்றார். ஸ்க்ரோப், க்ரோவ்னர் என்னும் இரு குடியினர், நீல நிலத்திற் பொன்னிறப் பட்டை உடைய ஒரே கேடயச் சின்னத்தைத் தத்தமக்கே உரியது என்று வாதாடினர். 1386ஆம் ஆண்டு அக்டோபரில் சாஸர் சாட்சியாக அழைக்கப்பட்டார். தமக்கு வயது நாற்பதுக்கு மேலாயிற்று என்றும், ஆயுதம் தாங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆயின என்றும் அவர் கூறிய அச்சாட்சியத்தைக் கொண்டே அவர் பிறந்த காலத்தை நாம் ஒருவாறு உய்த்துணர்கின்றோம். லண்டனில் பிரைடே தெருவில் நடந்துசெல்லுங்கால், ஒரு விடுதியின் புறத்தே அச்சின்னம் தொங்கக் கண்டு, ஸ்க்ரோப் பிரபு இங்குத் தங்கியுள்ளாரோ என வினவியதாகவும், அன்று, க்ரோவ்னர் என்பவருடையது என்று விடை வந்ததாகவும், அப்பெயரை அன்றுதான் முதன்முதற் கேட்டதாகவும் அவர் மொழிந்தார். தீர்ப்பு ஸ்க்ரோப் குடிக்கே சார்பாயிற்று. ஒரு பட்டையின் நிறத்துக்காகப் பெருங்குடியினர் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதை, காலுறைத் தொழிலின் பெயரைப் பூண்ட மது வணிகர் மைந்தர் நின்று நோக்கியிருக்கின்றார்.

அவர் உள்ளத்தில் இவையெல்லாம் என்ன எண்ணத்தை விளைத்தன என்பதை அவர்தம் புகழ் மாளிகை என்னும் காவியம் ஒருவாறு காட்டும். அதில் ஒரு கழுகு புலவரைத் தூக்கிக்கொண்டு விண்ணிற் செல்கின்றது. ஆங்கே பனிக்கட்டிப் பாறை ஒன்றின்மேல் புகழ்த்தெய்வத்தின் மாளிகை நிற்கின்றது. அப்பாறையின் ஒரு பக்கத்திற் பொறிக்கப்பட்ட பெயர்கள் வெயிலால் உருகி, எழுத்துக்கள் சிதைந்து, படிக்கவொண்ணாதன ஆகின்றன; மாளிகையின் நிழல் படியும் மறுபக்கத்துப் பெயர்களோ அன்று பொறித்தவை போல விளங்குகின்றன. உள்ளே வீற்றிருக்கும் தெய்வம், தகுதி நோக்காது, ஒருவர்க்குப் புகழும் ஒருவர்க்குப் பழியும் ஒருவர்க்கு மறதியும் வழங்குகின்றது. நீயும் புகழ் நாடி வந்தனையோ என ஒருவன் கேட்கும்போது, அது தம் நோக்கமன்று என்றும், தாம் இறந்தபின் தம் பெயரை எவரும் கையாளாதிருந்தாற் போதும் என்றும் புலவர் விடை பகர்வதாக அமைந்துள்ளது.

கான்டர்பரிக் கதைகளிலும் பெயர் பற்றிய அவர் நோக்கு புலனாகும். யாத்திரிகருட் பெரும்பாலாரை அவர் தொழிலாலேயே அறிமுகம் செய்கின்றார்: நைட், மில்லர், குக், கிளார்க், பிராங்கலின், கார்பென்டர், டையர், வெப். இவை ஒவ்வொன்றும் இன்று ஆங்கிலக் குடும்பங்களின் குடிப்பெயராய் வழங்குதலைக் காண்கின்றோம். வெப் என்பது நெசவாளரையும், டையர் என்பது சாயம் தோய்ப்பவரையும் குறிப்பன. யாத்திரிகர்க்குத் தலைமை தாங்கும் விடுதிக்காரர் ஹாரி பெய்லியோ, சௌத்தவர்க்கில் மெய்யாகவே வாழ்ந்த ஒருவர் பெயரை உடையவர். இருபத்துநான்கு கதைகளோடு நிறைவுறாது நின்ற அந்நூலில், பிரபுவும் மில்லரும் ஒரே பாதையில் ஒரே நாளிற் செல்கின்றனர். பிரபு முதற்கதையை முடித்தவுடன், குடித்து வெறித்த மில்லர் முந்திக்கொண்டு அடுத்த கதையைத் தொடங்குகின்றான். குடிப்பிறப்பின் வரிசை அந்நொடியிலேயே குலைகின்றது.

சாஸர் 1386ஆம் ஆண்டில் கென்ட் கோட்டத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். 1389 முதல் 1391 வரை அரசாங்கக் கட்டட வேலைகளை நடத்தினார். அப்பணியிலிருக்கும்போது கள்வரிடம் அரசன் பணத்தைப் பறிகொடுத்தார். லூயி என்னும் தம் இளமைந்தருக்காக வானளக்கும் அஸ்ட்ரோலேப் கருவியைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் உரைநடை நூல் ஒன்று இயற்றினார். 1399ஆம் ஆண்டின் இறுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டை ஐம்பத்துமூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். ஓராண்டும் நிரம்புமுன், 1400ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாளில் இறந்தார் என்பது வழிவழிச் செய்தி. மடத்தின் குடியிருப்பாளர் என்னும் உரிமையாலேயே மடத்துக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார் என்ப. அவரைப் பற்றி 500க்குச் சற்றுக் குறைவான அரசாங்கப் பதிவுகள் அவர் காலத்தினவாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றேனும் அவரைக் கவி என்று குறிக்கவில்லை.

அவர் மைந்தர் தாமஸ் சாஸர் தந்தையினும் உலகியலில் உயர்ந்தார். பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு ஐந்து முறை தலைவரானார். 1409ஆம் ஆண்டில் தந்தையாரின் பெயர் பொறித்த முத்திரையையே அவர் ஒரு பத்திரத்தில் இட்டிருத்தல் காண்கின்றோம். எனினும், 1434ஆம் ஆண்டில் இறந்த அவரது கல்லறையில், தந்தையாரின் சின்னத்துக்கு மாறாக, தாயாரின் குடிச்சின்னமே முதன்மை பெற்றது. தாய்வழியே லாங்காஸ்டர் அரச குடும்பத்தின் உறவைக் காட்டுவது என்பது காரணமாகலாம். தாமஸின் ஒரே மகளார் ஆலிஸ், மூன்றாம் முறை மணந்து ஸபோக் கோமகள் ஆனார்; யூவெல்ம் என்னும் ஊரில் வறியவர் பதின்மூவர்க்கு அறச்சாலையும், சிறுவர்க்குப் பள்ளியும் நிறுவினார். ஆலிஸின் பேரர் லிங்கன் பிரபு ஜான், மூன்றாம் ரிச்சர்டு மன்னனுக்குப் பின் முடிசூடற்குரியவராகக் கருதப்பட்டு, 1487ஆம் ஆண்டில் ஸ்டோக் போரில் மடிந்தார். மது வணிகரின் குருதி அரியணையின் படிவரை ஏறிற்று; ஆனால் அங்ஙனம் ஏறியபோது சாஸர் என்னும் பெயரை அது கீழே விட்டுவிட்டது. ஆண்வழி தாமஸோடு நின்றமையின், அவ்வழியில் குடிப்பெயரும் நின்றது.

ஆலிஸ் இறந்தது 1475ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன், இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் எல்லைக்குள், சாஸரின் கல்லறைக்கு அண்மையிலேயே நிறுவினார். அவர் முதற்கண் அச்சிட்ட பெருநூல்களுள் ஒன்று கான்டர்பரிக் கதைகள். அப்பதிப்பு பிழைபட்டது என்று படித்தவர் ஒருவர் எடுத்துக்காட்ட, நல்ல ஏட்டுப்பிரதியைப் பெற்று 1483ஆம் ஆண்டையொட்டி மீண்டும் அச்சிட்டார். குடிவழியில் அறுந்த பெயர் இங்ஙனம் அச்செழுத்தின் வழியே தொடர்ந்தது. 1556ஆம் ஆண்டில் புலவர்க்கு அக்கோயிலிற் புதிய கல்லறை எழுப்பப்பட்டது. 1599ஆம் ஆண்டில் ஸ்பென்ஸர் அதன் அருகே அடக்கம் பெற்றார். அவ்விடமே பின்னர்ப் புலவர் மூலை எனப் பெயர் பெற்றது. குத்தகைக்காரர் ஒருவர்க்கு அளித்த இடம் ஒரு நாட்டின் கவிஞர்க்கெல்லாம் உறைவிடமாயிற்று.

ஆகவே, சாஸர் என்னும் பெயர் அக்குடிக்கு உரிமையால் வந்ததன்று; குருதியால் நிலைத்ததுமன்று. எவரோ ஒருவரிடமிருந்து தற்செயலாய் வந்தது. நான்கு தலைமுறையிலே தற்செயலாய் நீங்கிற்று. இடையில் ஒருவர், சுங்கக் கணக்கை முடித்து வீடு திரும்பிய இரவுகளில், விளக்கின்கீழ் அமர்ந்து எழுதிய ஏடுகளே அதனைப் பனிப்பாறையின் நிழற்பக்கத்தில் நிறுத்தின. இன்று அப்பெயரைக் கேட்போர் எவரும் காலுறையை நினைப்பதில்லை. கான்டர்பரிக்குச் செல்லும் சாலையையும், அதில் நகைத்துப் பேசிச் செல்லும் மாந்தரையுமே நினைக்கின்றனர்.